காத்திருக்கச் சொன்னேன்

1

பெர்த் நகரத்துக்கு வடக்கே கடலை ஒட்டி வெள்ளை மணல்மேடுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குள்ளவர்கள் ஜீப் போன்ற பெரிய வண்டிகளை அந்த மேடுகளில் ஏற்றி இறக்கி விளையாடுவார்கள். என் மகன் ரபீக்கும் அப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் அழைத்துப்போனான். இங்கே மே மாதம் குளிர் தொடங்கும் காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மாங்காய் இறங்கும் காலம்.

மணலில் ஏறுவதற்கு முன் நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் சப்பையாக அகன்று, ஒட்டகத்தின் பாதம்போல மணலின் மேல் மிதந்து போகும். திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும். அதற்கு ஒரு சின்ன இயந்திரம் உண்டு. இரண்டு கவ்விகளை வண்டியின் பேட்டரியில் மாட்டினால் தடதடவென்று ஓடிக் காற்றடிக்கும்.

ரபீக் காற்றடித்துக்கொண்டிருந்தான். பின் டயர் ஒன்று பாக்கி. எனக்குக் குளிரெடுத்தது. வண்டிக்குள் ஏறி உட்காரலாம் என்று கதவைத் திறந்தேன். அவன் மகள் சமீரா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள். புத்தகத்தில் படித்த சொல்லை எங்கேயாவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"தாத்தா, காத்து… இரு" என்றாள்.

காத்திரு என்பதைத்தான் அப்படி இரண்டாக உடைத்துச் சொன்னாள். என் கை கதவிலேயே நின்றுவிட்டது. ரபீக் நிமிர்ந்து பார்த்து, "என்ன அத்தா, உடம்புக்கு எதுவும் செய்யுதா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

ஊரிலிருக்கும் நீங்கள் பத்திரிகையில் வரும் இந்தக் குறிப்புகளைப் படித்துவருகிறீர்கள் என்பதை அவ்வப்போது கேள்விப்படுகிறேன். இதுவரை இங்கத்திய குளிரைப் பற்றியும் கடைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். இந்த முறை எழுதுவது வேறு.

2

எண்பதுகளின் நடுவில் நான் மஸ்கட்டில், சாலை போடும் நிறுவனம் ஒன்றில் பொறியாளராக இருந்தேன். பாலைவனத்தில் வேலை. காற்றை இறக்குவதும் ஏற்றுவதும் அங்கே அன்றாடக் காரியம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அப்படி ஒரு காற்றடிக்கும் இயந்திரத்தை வாங்கிவந்தேன். அக்காவின் கணவர் காஜா மச்சானுக்காக.

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது, மோட்டாரா?"

"காற்றடிக்கும் பம்பு."

"சைக்கிளுக்கா?"

"ஜீப்புக்கு."

"ஓ, ஊர்ல பஞ்சர் கடை வைக்கப்போறீங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு படிவத்தில் அதன் பெயரை எழுதச் சொன்னார். தமிழில் என்ன எழுதுவது, ஆங்கிலத்தில் எழுதினால் எந்த வகையில் அடக்குவார்கள் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் 'வீட்டு உபயோகப் பொருள்' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மச்சான் மாங்காய் வியாபாரி. கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தோப்பைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். காயை அவரே தன் ஜீப்பில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் மண்டிக்குக் கொண்டுபோவார். தோப்புக்கும் சாலைக்கும் நடுவே ஓர் ஓடை. கோடையில் அதில் தண்ணீர் இருக்காது, மணல்தான். பாரம் ஏற்றிய ஜீப் அதில் தினமும் மாட்டும். சக்கரத்துக்கு அடியில் தென்னை மட்டையைப் போட்டு, நாலு பேர் தள்ளி, அக்கரை சேர்ப்பார்கள்.

"மட்டையெல்லாம் எதுக்கு மச்சான், நான் ஒரு வேலை காட்டுறேன் பாருங்க" என்று சொல்லித்தான் அன்று அவரோடு புறப்பட்டேன்.

3

கூடைகளை ஏற்றி ஓடைக்கரைக்கு வந்ததும் இறங்கி, நான்கு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன். மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏ மாப்ளே, ஏத்தியிருக்கது சப்பட்டைக் காயி. டயரையும் சப்பட்டையாக்கிட்டியே. ஊர்ல அவனவன் காத்துக்கு பஞ்சர் கடைக்கு அலையுதான், நீ இருக்குற காத்தயும் புடுங்குதே!"

சப்பட்டை என்பது எங்கள் பக்கத்து மாம்பழ வகை. தோப்பு ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். காவல்காரர் மாடசாமி மட்டும் சிரிக்காமல், நான் செய்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோப்பு முதலாளியின் ஆள். அப்போது நாற்பது வயது இருக்கும்.

மச்சான் வண்டியை எடுத்தார். யாரும் தள்ளவில்லை. ஜீப் ஒரு தடவைகூடத் திணறாமல் ஓடையைக் கடந்து அக்கரையில் ஏறி நின்றது. ஆட்கள் கைதட்டினார்கள். மச்சான் கீழே இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரிதான், மஸ்கட்டுக்காரன் சும்மா இல்ல" என்றார். அன்று எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

"நீ காத்த அடிச்சு வையி மாப்ளே. நான் தோப்புல பாக்கிக் காயி எம்புட்டுன்னு பாத்துட்டு வாரேன். சாயங்காலம் ஏலத்துக்கு மண்டியில நிக்கணும்" என்று சொல்லிவிட்டு மச்சான் ஓடைக்குள் இறங்கித் திரும்பி நடந்தார். மாடசாமி பீடி வாங்கக் கூமாப்பட்டிக்குச் சைக்கிளில் போனார்.

இயந்திரத்தை மாட்டி ஓட்டினேன். முன் டயர்கள் இரண்டும் நிறைந்தன. பின் டயருக்குக் குழாயை மாட்டியதும் சத்தம் நின்றுவிட்டது. கவ்விக் கம்பியில் இருந்த பியூஸ் போய்விட்டது.

எங்கள் ஊரில் பியூஸ் போனால் யாரும் கடைக்குப் போவதில்லை. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்துச் சுற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். தோப்பு ஆட்களில் ஒருவர் தாளை எடுத்துக்கூடக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. வெளிநாட்டுப் பொருள், அதற்குரிய பியூஸைத்தான் போட வேண்டும் என்றேன். இயந்திரத்தைப் பெட்டியில் வைத்து மூடி, ஜீப்பில் வைத்தேன். அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த பால்காரரை நிறுத்தி, பின்னால் ஏறிக்கொண்டு வத்திராயிருப்புக்குப் புறப்பட்டேன்.

பாதி வழியில் மாடசாமி சைக்கிளில் எதிரே வந்தார். பால்காரர் வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. நான் திரும்பி உரக்கச் சொன்னேன்.

"மச்சான்கிட்ட காத்திருக்கச் சொல்லுங்க!"

மாடசாமி தலையை ஆட்டினார்.

இதை வாசிப்பவர்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொல்ல யாரும் காத்திருக்க என்று சொல்வதில்லை. செத்த நேரம் நிக்கச் சொல்லு என்பார்கள். காத்து என்று காதில் விழுந்தால் அங்கே அது காற்றுதான். அதுவும் அன்று காலையிலிருந்து அந்தத் தோப்பில் எல்லார் வாயிலும் இருந்த ஒரே சொல் அது. படித்தவனாகவும் வெளிநாடு போய்வந்தவனாகவும் தெரிய வேண்டும் என்பதற்காக நான் விடுமுறைகளில் ஒரு மாதிரி புத்தகத் தமிழ் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா அதைக் கேலி செய்வாள். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து சொல்லும்போதும் அந்தத் தமிழ்தான் வந்தது.

மாடசாமி தோப்புக்குப் போய் மச்சானிடம் சொன்னது இது: "மொதலாளி, காத்து இருக்குன்னு சார் சொல்லச் சொன்னாவ. அவிய பால்காரர் கூட வத்திராயிருப்புக்குப் போறாவ."

மச்சான் வந்து பார்த்தபோது ஜீப்பருகே யாரும் இல்லை, ஆட்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். முன் டயர்கள் இரண்டும் விறைப்பாக இருந்தன. இயந்திரம் பெட்டிக்குள் இருந்தது. பாரம் ஏற்றினால் பின் டயர் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும். அவர் ஏறி வண்டியை எடுத்துவிட்டார்.

4

இனி நடந்தது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வத்திராயிருப்பு தாண்டிச் சுந்தரபாண்டியம் வளைவில், கொதிக்கிற தார்ச்சாலையில், பின் டயர் சக்கரத்தை விட்டுக் கழன்றது. ஜீப் பாலத்துக் கட்டையில் மோதிச் சாய்ந்தது. மச்சானின் வலது முழங்கால் நசுங்கியது. அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் பழக்கடை வைத்துவிட்டார். இன்றும் அந்தக் கால் மடங்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். தோப்பு முதலாளியும் வந்திருந்தார். மாடசாமி ஒரு தூணோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கிட்டே வந்தார்.

"சார், நீங்க காத்து இருக்குன்னுதான சொன்னீய?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"காத்திருக்கச் சொன்னேன்" என்றேன்.

"இல்ல சார், காத்து இருக்கு, சொல்லுங்கன்னு…"

"காத்திருக்கச் சொல்லுங்க என்றேன். நடுவில் ஒரு 'ச்' வரும். காத்து இருக்கு என்று சொன்னால் அந்த 'ச்' வராது. கவனித்துக் கேட்டிருக்க வேண்டும்."

உள்ளே மச்சானுக்குக் காலில் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே நான் ஒற்று மிகும் இடத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன்.

தோப்பு முதலாளி மாடசாமியைப் பார்த்து, "ஏலே செவிட்டுப் பயலே, ஒரு வார்த்தைய ஒழுங்காக் கேட்டுச் சொல்லத் தெரியலன்னா நீ என்னத்தக் காவல் காப்பே? திருடன் வந்தாலாவது ஒனக்குக் காது கேக்குமா? நாளையிலருந்து தோப்புப் பக்கம் வராதே" என்றார்.

மாடசாமி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று முதல் அவர் செவிட்டு மாடசாமி ஆனார். தகப்பன் வைத்த பெயரில் ஊரில் எத்தனையோ மாடசாமிகள் உண்டு. செவிட்டு மாடசாமி என்றால் அவர் ஒருவர்தான்.

5

இங்கே என் வயதுக்காரர்கள் வாகனம் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்க வேண்டும். ரபீக்கோடு மணல்மேட்டுக்குப் போய்வந்த மறுநாள் அதற்காகப் போனேன். அலுவலகத்தில் ஒரு படிவம், அதை நிரப்புவது எப்படி என்பதற்கு இன்னொரு படிவம். வரிசையில் நின்று வாங்கி மருத்துவரிடம் போனால், கண்ணைப் பார்த்த பிறகு, காதையும் பார்த்துவிடலாம் என்றார். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு மெதுவாகச் சொற்களைச் சொன்னார். அவற்றை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் காத்திரு என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லியிருக்கிறார். நான் வெள்ளை என்பதற்கான சொல்லைத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். மருத்துவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். எனக்குக் காதுக்கருவி தேவை என்று முடிவானது.

ரபீக் வெளியே காத்திருந்தான். வரும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினான். வந்த புதிதில் இதே நிலையத்தில்தான் நான் பணியாளரிடம், டயருக்கு 'விண்டு' வேண்டும் என்று கேட்டேன். காற்று என்ற நினைப்பில் வந்த சொல். அவன் வானத்தைப் பார்த்துவிட்டு, இன்று அவ்வளவாக இல்லையே என்றான். ரபீக்கின் நண்பர்கள் வந்தால் இன்றும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பான். அன்றும் வண்டியை அங்கே நிறுத்தியதும், "என்ன அத்தா, விண்டு பிடிக்கணுமா?" என்றான். நான் தவறான சொல்லைச் சொன்னதற்காக இங்கே யாரும் யாருக்கும் செவிடன் என்று பெயர் வைக்கவில்லை. அது என் பிழை, எனக்குத்தான் கேலி. சரியான முறை அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்கு டெலிபோன் போட்டேன். இனி எழுதுவது அன்றுவரை அக்காவுக்கும் தெரியாது, என் மகனுக்கும் தெரியாது.

அன்று வத்திராயிருப்பில் ரேடியோ ரிப்பேர் கடையில் பியூஸ் கிடைத்துவிட்டது. கடைக்காரர் பள்ளியில் என்னோடு படித்தவர். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பாலைவனத்தில் வண்டி ஓட்டுவதைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்லக் கடைவாசலில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். அப்போது மச்சானின் ஜீப் தெருவில் வந்தது. என்னைக் கடந்து போயிற்று. பின் டயர்கள் இரண்டும் அப்பளமாக அமுங்கியிருந்ததை நான் பார்த்தேன். முன் டயர் விறைப்பாகவும் பின் டயர் சப்பையாகவும் வண்டி பின்பக்கம் உட்கார்ந்தாற்போலப் போயிற்று. மச்சான் ஆரன் அடித்தார். நான் கையைத் தூக்கினேன்.

ஓடிப்போய் மறித்திருக்கலாம். தெரு குறுகல், வண்டி மெதுவாகத்தான் போனது. பால்காரரின் மோட்டார் சைக்கிளும் கடைக்கு எதிரேதான் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தாங்கும், அங்கே போய் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதைவிட உண்மை, நான் கதையின் நடுவில் இருந்தேன். அத்தனை பேர் முன்னால் ஓடிப்போய், என் இயந்திரம் நின்றுவிட்டது என்று கத்த எனக்கு மனம் வரவில்லை. கதையைச் சொல்லி முடித்தேன். பிறகு பஸ் ஏறினேன். சுந்தரபாண்டியம் வளைவில் பஸ் நின்றது. சாலை முழுக்க மாங்காய் உருண்டு கிடந்தது.

6

டெலிபோனில் மச்சானிடம் இதைச் சொல்லி முடித்தேன். மறுமுனையில் கடைத்தெருச் சத்தத்துக்கு நடுவே மச்சான் கேட்டார்.

"இதச் சொல்லவா மாப்ளே ஆஸ்திரேலியாவுலருந்து போன் போட்டே?"

"ஆமா மச்சான்."

"அன்னைக்கு ஆரன் அடிச்சது யாரு? நான்தான? நீ கலர் பாட்டிலத் தூக்கிக் காமிச்சே. மாப்ள பாத்துட்டான், போகச் சொல்லுதான்னு நெனச்சேன்."

"போகத்தான் சொன்னேன் மச்சான். டயரப் பாத்துட்டுதான் சொன்னேன்."

"அதுவும் தெரியும். ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கையில யோசிக்கிறதத் தவிர வேற என்ன வேல?"

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையே?"

"ஒங்க அக்காகிட்ட ஒன்னயச் சொல்லிட்டு, பொறவு நான் எங்கன போயிச் சோறு திங்க?" என்றார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் குரல் மாறியது. "நானும் வாயத் தொறக்கல மாப்ளே. கால் போனது எனக்கு, பேரு போனது அவனுக்கு. அதுக்குத்தான் அவனக் கூட்டியாந்து கடையில வச்சேன். ஆனா அது போதுமா? என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது, மடங்காத காலு மடங்கவா போவுது? அவன் இங்கனதான் காய எடுத்து அடுக்கிட்டு இருக்கான். குடுக்கேன். சொல்லு."

மறுக்க நேரமில்லை. மாடசாமியின் குரல் வந்தது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவருக்கும் கேட்காது என்ற நினைப்பில் நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். வத்திராயிருப்புக் கடையை, ஜீப்பை, பின் டயர்களை, கையைத் தூக்கியதை, எல்லாவற்றையும் சொன்னேன். நில்லுன்னு சொல்லியிருக்கணும், தப்பு என்னுது என்றேன். ரபீக்கும் சமீராவும் அடுத்த அறையிலிருந்து வந்து நின்று பார்த்தார்கள்.

நான் நிறுத்தியதும் மாடசாமி பேசினார். இந்த முறை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக.

"எதுக்கு சார் இம்புட்டு கத்துதீய? எனக்குக் காது நல்லாக் கேக்கும். அன்னைக்கும் கேட்டுச்சு."

ஊருக்கு வரும்போது நேரில் பார்க்கிறேன், ஏதாவது செய்கிறேன் என்று சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"அதெல்லாம் வேண்டாம் சார். கடைக்கு வர்றவங்கள்லாம் என் காதுகிட்ட வந்து கத்துதாங்க. எங்கூட்டுப் பிள்ளயளயும் செவிட்டு மாடசாமி பிள்ளைன்னுதான் சொல்லுதாங்க. நீங்க பத்திரிகையில எழுதுவீயளாம்ல, காஜா அண்ணாச்சி சொல்லுவாவ. நம்ம பக்கத்துல அம்புட்டுப் பேரும் படிக்காங்களாம். அதுல எழுதிருங்க. போதும்."

எழுதிவிட்டேன். கூமாப்பட்டியிலும் வத்திராயிருப்பிலும் சுந்தரபாண்டியத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவிலும் இதைப் படிப்பவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டுகிறேன். காஜா மைதீன் பழக்கடையில் வேலை செய்யும் மாடசாமியிடம் பேசும்போது யாரும் கத்த வேண்டாம். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றும் கேட்டது. அவர் கேட்டபடியேதான் போய்ச் சொன்னார்.